முன்னெழுத்தில் ஓர் ஊர்

டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் என்னும் பெயரிலுள்ள 'எஸ்' என்பதைத் தந்தையாரின் பெயரெழுத்து என்றே நம்மில் பலரும் கொள்வர். தந்தையார் வீராசாமி. அவ்வெழுத்து குறிப்பது சர்வபள்ளியை. நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர் அது. அங்கிருந்து குடிபெயர்ந்த முன்னோர், ஊரின் பெயரை மட்டும் உடன் கொணர்ந்தனர். தெலுங்கு மக்கள் இதனை 'இண்டிப்பேரு', அதாவது வீட்டுப்பெயர், என்பர்.

ஆங்கிலேயரிடத்தும் இவ்வழக்கு உண்டு. இங்கிலாந்தில் டர்ஹாம் பகுதியிலுள்ள வாஷிங்டன் என்னும் ஊரை 12-ஆம் நூற்றாண்டில் பெற்ற ஒருவர், ஹார்ட்பர்ன் என்ற தம் பழைய ஊர்ப்பெயரை விடுத்துப் புதிய ஊரின் பெயரைப் பூண்டார். அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் அவர் வழித்தோன்றலே. ஆங்கிலப் பெயர் உடைமையான ஊரைச் சொல்லிற்று. தெலுங்குப் பெயரோ விட்டு வந்த ஊரைச் சொல்கிறது. பின்னதே என் நெஞ்சைத் தொடுகிறது.

அவர் 1888-இல் பிறந்த திருத்தணியோ நிலையாக ஓரிடத்தில் இருந்ததில்லை! மலை அசையவில்லை, நேயர்களே, எல்லைகள்தாம் அசைந்தன. வட ஆர்க்காட்டிலிருந்து 1911-இல் சித்தூர் மாவட்டம். 1953-இல் ஆந்திர மாநிலம். 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலம். அன்று அவர் இந்தியாவின் துணைக் குடியரசுத் தலைவர். பிறந்த ஊரை முன்னெழுத்தாக்கும் தமிழ் வழக்கைக் கொண்டிருந்தால், அவர் 'தி. ராதாகிருஷ்ணன்' ஆகியிருப்பார்.