அப்போஸ்டில்

ஒரு தேசத்தில் எழுந்த பொது ஆவணத்தை வேறொரு தேசத்தின் நியாயஸ்தலமும் அலுவலகமும் ஐயமின்றி ஏற்கும்பொருட்டு, அதிலுள்ள கையொப்பமும், கையொப்பமிட்டவரின் பதவியும், முத்திரையும் மெய்யானவை என்று, ஆவணம் எழுந்த தேசத்தின் அதிகாரியே வழங்கும் அத்தாட்சிக்கு அப்போஸ்டில் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் இச்சொல் ஓரக்குறிப்பைக் குறிக்கும்.

இது தோன்றுமுன் நிலவிய முறை மிகுந்த சிரமத்தை விளைவித்தது. அயல்நாட்டுப் பதிவாளர் ஒருவரின் கையெழுத்தை அறிந்தவர் எவரும் இலராதலால், அவருக்கு மேலதிகாரியும், அம்மேலதிகாரிக்கு வெளிவிவகார இலாகாவும், அவ்விலாகாவுக்கு, ஆவணம் போய்ச் சேரவேண்டிய நாட்டின் கான்சலும் சாட்சி கூற, ஒற்றைத் தாளான பிறப்புச் சான்றிதழ் முன்னும் பின்னும் முத்திரை நிறைந்து, இடம் போதாமல் ஒட்டுத்தாளும் தைக்கப்பட்டுக் கடல் கடந்தது. கான்சல் இல்லாத ஊரில் வாழ்ந்த ஏழைக்கு வழிச்செலவே பெருஞ்சுமை.

டச்சுச் சட்ட அறிஞர் டொபியாஸ் ஆஸரின் முயற்சியால் 1893-இல் முதன்முதல் கூடிய, சர்வதேசத் தனியார் சட்டத்துக்கான ஹேக் மகாநாடு, ஐரோப்பியக் கவுன்சிலின் வேண்டுகோளை ஏற்று இதற்குப் பரிகாரம் தேடியது. அதன் பயனாக 1961 அக்டோபர் 5-ஆம் நாளிட்ட உடன்படிக்கை உருவாகி, பிரிட்டன், பிரான்ஸ், யூகோஸ்லாவியா ஆகிய மூன்று நாடுகளுக்கிடையே 1965 ஜனவரி 24 அன்று அமலுக்கு வந்தது. அதன்படி அப்போஸ்டில் என்பது நாற்புறமும் குறைந்தது 9 சென்டிமீட்டர் கொண்ட சதுரம். அதில் எண்ணிட்ட 10 விவரங்கள். உள்ளே எம்மொழி இருப்பினும் தலைப்பு மட்டும் பிரெஞ்சிலேயே இருத்தல் வேண்டும் என்பது விதி. கான்சல்கள் தாமே எழுதும் ஆவணங்களும், வர்த்தகத்தையும் சுங்கத்தையும் நேரடியாகச் சார்ந்த நிர்வாகத் தாள்களும் இதில் அடங்கா.

ஆவணத்தில் கூறப்பட்ட செய்தி உண்மையென்று அப்போஸ்டில் ஒருபோதும் கூறுவதில்லை என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்லவேண்டும். பட்டம் பெற்றவரின் கல்விக்கு அது பொறுப்பேற்பதில்லை. பட்டத்தில் ஒப்பமிட்ட கைக்கே பொறுப்பேற்கிறது. இவ்வரம்பை உணராமல் பொதுமக்கள் இதனைப் பூரணச் சான்றாகக் கருதுவது வருந்தத்தக்கது.

இந்தியா இவ்வுடன்படிக்கையில் 2004-இல் இணைந்தது. 2005 ஜூலை 14 முதல் உடன்படிக்கை இங்கே செல்லுபடியாகிறது. சென்னையில் பெற்ற திருமணச் சான்றிதழை மாநில அரசு முதலில் சரிபார்த்தபின், வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் வழங்கும். இந்தியாவின் இணைவுக்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தமையால் அவ்விரு நாடுகளுக்கிடையே இது செல்லாது. உடன்படிக்கையில் சேராத ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வேலைக்குச் செல்வோர், 'அட்டெஸ்டேஷன்' என்று மக்கள் வழங்கும் பழைய படிவரிசையையே இன்றும் ஏறி இறங்குகின்றனர். சீனாவில் 2023 நவம்பரிலும், கனடாவில் 2024 ஜனவரியிலும் உடன்படிக்கை அமலுக்கு வந்தது.

வழங்கிய ஒவ்வோர் அப்போஸ்டிலையும் எண்ணிட்டுப் பதிவேட்டில் குறிக்கவேண்டும் என்ற, உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு, மோசடியைத் தடுக்கும் மெய்யான காவலாகும். ஐயுற்றவர் எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால், வழங்கிய அதிகாரி ஏட்டைப் பார்த்து விடையளிக்கக் கடமைப்பட்டவர். 2006-இல் ஹேக் மகாநாடு தொடங்கிய மின்னணுத் திட்டத்தின் வழியே, அப்பதிவேட்டை எந்நாட்டிலிருந்தும் கணினியில் ஒப்புநோக்கும் வசதியைப் பல தேசங்கள் ஏற்படுத்தியுள்ளன.