உப்புநீரும் வெண்குருதிக் கலங்களும்

தொண்டை நோவு கண்டால் இளஞ்சூட்டு உப்புநீரிற் கொப்பளிக்கச் சொல்லாத வீடு நம் நாட்டில் அரிது. புண்ணை உப்புநீராற் கழுவுவதும் பழைய வழக்கமே. இவ்வழக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் வினா ஒன்று, நூறு ஆண்டுகளுக்கு மேலாக வைத்திய உலகை அலைக்கழித்து வந்திருக்கிறது. செறிந்த உப்புநீர் நமது வெண்குருதிக் கலங்களைத் தூண்டுகிறதா, அடக்குகிறதா என்பதே அவ்வினா. அதன் வரலாற்றை இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

1882ஆம் ஆண்டில், சிசிலித் தீவின் மெசினா நகரில், உருசிய அறிஞர் மெச்னிக்கோவ் நட்சத்திரமீனின் இளம் உயிரியொன்றில் ரோசா முள்ளைக் குத்திவைத்தார். அலைந்து திரியும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்தன. அன்னியப் பொருளை விழுங்கும் கலங்கள் உடலைக் காக்கின்றன என்ற கொள்கை அங்கே பிறந்தது. புண் சிவந்து, வீங்கி, சுடுவதை அழற்சி என்கிறோம். அது பெரும்பாலும் இக்கலங்கள் திரண்டு போர்புரிவதன் அடையாளமே.

கலங்களைச் சூழ்ந்த நீரில் உப்பு மிகுந்தால் அவை என்னாகும்? இதனை அளந்து பார்த்தவர் ஒல்லாந்து தேசத்து உடற்றொழிலியல் அறிஞர் ஹம்பேகர். நூற்றுக்கு 0.9 பங்கு உப்புக் கொண்ட நீர் நமது குருதிக்கு ஒத்தது என்பதை நிறுவியவரும் அவரே. அவர் வெண்கலங்களுக்குக் கரித்தூளை ஊட்டி, எத்தனை கலங்கள் அதனை விழுங்குகின்றன என்று எண்ணினார். உப்பு மிகினும் குறையினும் விழுங்கும் ஆற்றல் தாழ்ந்தது. பிரசாரணத்தினால் நீரை இழந்து சுருங்கிய கலம் சோர்ந்து போகிறது. 1912இல் அவர் வெளியிட்ட நூலில் இவ்வாராய்ச்சிகள் அடங்கியுள்ளன.

இரண்டே ஆண்டுகளில் முதலாம் உலகப் போர் மூண்டது. பிரான்சின் வயல்கள் தலைமுறை தலைமுறையாகச் சாணமிட்டு உழப்பட்டவை. எறிகுண்டுச் சிதறல்கள் அம்மண்ணையும் சீருடைக் கந்தலையும் சதையின் ஆழத்துள் செலுத்தின. புண்கள் அழுகின, வாயுப்பிளவையினால் இளைஞர்கள் மாண்டனர். லிஸ்ரர் வகுத்த வழியில் நின்ற சத்திரவைத்தியர்கள் கார்பொலிக்கு அமிலம் முதலிய கிருமிகொல்லிகளைத் தாராளமாக ஊற்றினர், பலன் கிட்டவில்லை.

அப்பொழுது புலோன் நகரில், வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்த சூதாட்ட மாளிகையொன்றில், சேர் அல்ம்றொத் றைற் என்பார் ஆய்வுகூடம் அமைத்திருந்தார். பேணாட் ஷா 1906இல் எழுதிய வைத்தியர் நாடகத்தின் நாயகர் இவரைப் பார்த்து வார்க்கப்பட்டவரே. வாதத்தில் விட்டுக்கொடாதவர். அவருடைய உதவியாளருள் ஒருவர் அலெக்சாந்தர் பிளெமிங். கண்ணாடிக் குழாயை உருக்கி, முட்கள் போன்ற பொந்துகளை இழுத்து, செயற்கைப் புண்ணொன்றைப் பிளெமிங் செய்துகாட்டினார். கிருமிகொல்லியை நிரப்பி வெளியேற்றிய பின்னரும் அப்பொந்துகளில் கிருமிகள் உயிரோடிருந்தன. அம்மருந்துகளோ கிருமிகளினும் விரைவாக வெண்கலங்களையே கொன்றன.

றைற் கூறிய மாற்று உப்பு. நூற்றுக்கு 5 பங்கு செறிவுள்ள உப்புநீரைப் புண்ணிலிட்டால், அது உடலின் உள்ளிருந்து நிணநீரை வெளியே ஈர்த்துப் புண்ணை உள்ளிருந்தே கழுவும் என்றார். ஆனால் ஒரு குறையையும் அவர் கண்டார். அச்செறிவில் வெண்கலங்கள் புண்ணுக்குள் வரத் தயங்கின. ஆகவே முதலில் செறிந்த நீர், புண் தூய்மையடைந்த பின் குருதிக்கு ஒத்த நீர் என இருபடியாக வகுத்தார். லிஸ்ரரின் மாணவராகிய சேர் வில்லியம் உவற்சன் செயின் இதனைக் கடுமையாக எதிர்க்க, 1915, 1916ஆம் ஆண்டுகளில் இருவருக்குமிடையே பெரும் எழுத்துப் போர் நிகழ்ந்தது. களத்தில் மிகப் பரவியது இவ்விருவர் வழியுமன்று. கறெலும் டேக்கினும் வகுத்த குளோரீன் கரைசல் முறையே. ஆயினும் உப்புச் செறிவு வெண்கலத்தைத் தடுக்கிறது என்ற றைற்றின் நோக்கு நினைவிற் கொள்ளத் தக்கது. அவருக்கு அது குறையாகப் பட்டது.

பின்னர் பெனிசிலின் வந்தது. உப்பின் பேச்சு ஓய்ந்தது.

1980இல் பிரேசில் நாட்டிலிருந்து ஒரு செய்தி எழுந்தது. குருதி பெருமளவு இழந்த நாய்களுக்கு, நூற்றுக்கு 7.5 பங்கு உப்புக் கரைசலை மிகச் சிறிதளவு, உடல்நிறையின் கிலோகிராமுக்கு 4 மில்லிலீற்றர் வீதம், ஏற்றிய வெலாஸ்கோவும் கூட்டாளரும் அவை பிழைத்தெழக் கண்டனர். கலங்களிலிருந்து நீர் குருதிக்குழாய்க்குள் ஈர்க்கப்பட, தளர்ந்த நாடி நிமிர்ந்தது. தொடர்ந்து வேறொரு வியப்பும் வெளிப்பட்டது. பெருங்காயமுற்றோர் முதல்நாள் தப்பினும், சில நாட்களிற் சுவாசப்பை பழுதுற்று இறப்பதுண்டு. வெறிகொண்ட வெண்கலங்கள் சுவாசப்பையின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டு, கிருமிகளுக்கென வைத்திருந்த நஞ்சை நமது இழையங்கள் மேலேயே உமிழ்வது இதற்கொரு காரணம். செறிந்த உப்பு அவ்வெறியைத் தணிப்பதை 1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். றைற்றுக்குக் குறையாகத் தோன்றியதே இவர்களுக்கு வரமாகத் தோன்றிற்று. காவற்காரனே வீட்டை இடிக்கும் வேளையில் அவன் கையைப் பிடிப்பது நன்மையல்லவா?

எனினும் அவ்வாய்வுகளிலேயே ஓர் எச்சரிக்கை இருந்தது. கலம் கிளர்ச்சியுறுமுன் உப்பு வந்தால் அது அடங்கும். கிளர்ந்த பின் வந்தால் சிலவேளை கிளர்ச்சி மிகும். காயமுற்றவனிடம் எந்த வைத்தியர் முன்னதாகப் போய்ச் சேர முடியும்? 2006இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும் பரிசோதனை தொடங்கிற்று. குருதி இழந்து அதிர்ச்சியுற்ற 850க்கு மேற்பட்டோருக்கு அம்புலன்சிலேயே செறிந்த உப்பு, டெக்ஸ்திரன் கலந்த செறிந்த உப்பு, சாதாரண உப்புநீர் என்ற மூன்றில் ஒன்று ஏற்றப்பட்டது. 28ஆம் நாளில் உயிருடனிருந்தோர் மூன்று பிரிவிலும் நூற்றுக்கு 73 முதல் 75 வரையே. பயன் தோன்றாமையால் பரிசோதனை இடையில் நிறுத்தப்பட்டு, முடிவு 2011இல் வெளியாயிற்று. இதனைத் தோல்வி என்பாருண்டு. நான் அவ்வாறு கருதேன். கண்ணாடிக் குழாயில் மெய்யானது கட்டிலிலும் மெய்யா என்று கேட்டறியும் துணிவு அதிலிருந்தது.

2013இல் கதை மீண்டும் திரும்பியது. வேறொரு வகை வெண்கலத்தை, அதாவது துணைபுரியும் ரீ நிணக்கலங்களை, மிகையுப்பு அழற்சி வழியிலே தூண்டுகிறது என இரு ஆய்வுக் குழுக்கள் அவ்வாண்டில் அறிவித்தன. ஒரே உப்பு ஓரினத்தை அடக்கி மற்றோரினத்தை எழுப்புகிறது. செறிவு, காலம், கலத்தின் இனம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேளாமல் முதல் வினாவுக்கு விடையில்லை.

செறிந்த உப்புநீர்ப் புட்டி இன்றும் பெரிய வைத்தியசாலைகளில் உண்டு. தலையிற் காயம்பட்டு மூளை வீங்கியவருக்கு, வீங்கிய இழையத்திலிருந்து நீரை ஈர்த்து மண்டையோட்டினுள் அழுத்தத்தைக் குறைக்க அதனை ஏற்றுகிறார்கள்.