பெர்லின் நகர ரயில் யாருடையது?

மும்பையில் தாதர் நிலையத்து நடைப்பாலத்தின்மீது நின்று பார்த்திருக்கும் நேயர்களுக்கு ஒரு செய்தி புதிதன்று. ஒருபுறத்துத் தண்டவாளங்கள் மேற்கு ரயில்வேயைச் சேர்ந்தவை. மறுபுறத்தவை மத்திய ரயில்வேயைச் சேர்ந்தவை. நிர்வாகம் இரண்டாயினும் உடைமை ஒன்றே. ஆதலின் ஒரு வண்டியினின்று இறங்கி மற்றொன்றில் ஏறும் பிரயாணி, தாம் யாருடைய சொத்தின்மீது நிற்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதேயில்லை. பெர்லின் நகரத்திலோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம், அவ்வாறு எண்ணிப் பாராமல் எவரும் நகர ரயிலில் ஏற இயலாதிருந்தது.

அந்த ரயிலின் வரலாறு நீண்டது. நகரைச் சுற்றி வளையமாகச் செல்லும் பாதை 1877-இல் முற்றுப்பெற்றது. நகரின் நடுவே, செங்கல் வளைவுகள் தாங்கிய உயர்ந்த பாலத்தின்மீது கிழக்கு மேற்காகச் செல்லும் பாதை 1882-இல் திறக்கப்பட்டது. நீராவி வண்டிகள் ஓடிய இப்பாதைகளில் மின்சாரம் புகுந்தது 1924 ஆகஸ்டு மாதத்தில். நம் பம்பாயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார வண்டி புறப்பட்டது அதற்கு ஆறு மாதம் கழித்து, 1925 பிப்ரவரியில்தான். பெர்லினில் மின்சாரம் தலைக்குமேல் கம்பி வழியாக வருவதில்லை. தண்டவாளத்தின் அருகே ஓடும் மூன்றாவது தண்டவாளத்தின் வழியாக வருகிறது. 1930-இல் பச்சை வட்டத்தினுள் வெள்ளை ‘எஸ்’ எழுத்து இந்த ரயிலின் அடையாளமாயிற்று. வடக்கு தெற்காக நகரின் அடியில் குடைந்த சுரங்கப்பாதை 1939-இல் முழுமை பெற்றது. அவ்வாண்டிலேயே யுத்தமும் மூண்டது.

1945-இல் யுத்தம் முடிந்தபோது அச்சுரங்கத்தில் நீர் நிரம்பியிருந்தது. நகரமோ ருஷ்ய, அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளின் நான்கு மண்டலங்களாகப் பிரிந்தது. தெருக்களைப் பிரித்தார்கள், காவல்துறை பின்னர்ப் பிரிந்தது, நகராட்சி பிரிந்தது. ரயில் மட்டும் பிரியவில்லை. வளையப் பாதையை நான்கு துண்டாக வெட்டி ஓட்டுவது எங்ஙனம்? ஆகவே நகரம் முழுவதிலும் ரயில் ஓட்டும் பொறுப்பு, சோவியத் மண்டலத்தில் தலைமையகம் கொண்ட ஒரே நிர்வாகத்திடம் விடப்பட்டது. அன்றைய நிலையில் அது நிர்வாக வசதிக்காகச் செய்த ஏற்பாடு. அதன் விலை என்னவென்று அப்போது யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

அந்த நிர்வாகத்தின் பெயர் ‘டாய்ச்சே ரைஹ்ஸ்பான்’, அதாவது ஜெர்மன் பேரரசு ரயில்வே. 1949-இல் கிழக்கே கம்யூனிஸ்ட் குடியரசு நிறுவப்பட்ட பின்னரும் அப்பெயர் மாறவில்லை. தொழிலாளர் அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட ஓர் அரசு, தன் ரயிலுக்குப் பேரரசின் பெயரை நாற்பது ஆண்டுக் காலம் சூட்டியிருந்தது வேடிக்கைதான். ஆனால் அவ்வேடிக்கைக்குள் ஒரு வழக்கறிஞரின் சாதுரியம் ஒளிந்திருந்தது. மேற்கு பெர்லினில் ரயில் ஓட்டும் உரிமை அந்தப் பெயருக்கே அளிக்கப்பட்டிருந்தது. பெயரை மாற்றினால் உரிமையும் கேள்விக்கு உள்ளாகலாம். மேற்கத்திய வல்லரசுகளோ, ஓட்டும் உரிமை வேறு, உடைமை வேறு என்று வாதித்தன. அதன்படி மேற்கு மண்டலங்களில் வண்டி ஓடத் தேவையான தண்டவாளமும் நிலையமும் கிழக்கின் கையில். ஓட்டத்துக்குத் தேவைப்படாத ரயில்வே நிலமும் வீடும் மேற்கின் பராமரிப்பில். ஒரே வேலியின் இருபுறமும் இரு ஆட்சிகள்.

இந்த ஏற்பாட்டின் முதல் அடி ஊழியரின் வயிற்றில் விழுந்தது. 1948-இல் மேற்கில் புதிய நாணயம் வந்தது. மேற்கு மண்டலங்களில் வாழ்ந்த ரயில்வே ஊழியர் பலருக்கோ கிழக்கு நாணயத்தில் சம்பளம். கடைக்காரர் கேட்பது ஒரு காசு. கையில் இருப்பது வேறு காசு. 1949 மே மாதம் 12-ஆம் தேதி ருஷ்ய முற்றுகை நீங்கியது. 21-ஆம் தேதி ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது ஐந்து வாரங்களுக்கு மேல் நீடித்தது.

1950-களில் வண்டிகள் எல்லை தாண்டி ஓடிக்கொண்டேயிருந்தன. கிழக்கில் 20 ஃபென்னிக் கொடுத்துச் சீட்டு வாங்கியவர், சில நிமிடங்களில் மேற்கில் இறங்கலாம். பெட்டி படுக்கையுடன் சென்றால் காவலர் ஐயுறுவர் என்று, வெறுங்கையோடு ஏறிச் சென்று திரும்பாதவர்கள் பற்பலர். 1959 அக்டோபரில் வேறொரு சச்சரவு மூண்டது. கிழக்கு ஜெர்மனியின் பத்தாம் ஆண்டு விழாவுக்காக, சுத்தியலும் கவராயமும் பொறித்த புதிய கொடியை மேற்கு பெர்லின் நிலையங்களிலும் ஏற்றினார்கள். மேற்கின் காவலர்கள் அவற்றை இறக்கச் சென்றபோது கைகலப்பு நேர்ந்தது. நிலையம் யாருடையது என்ற சட்டக் கேள்வி அன்று கொடிக்கம்பத்தில் வந்து நின்றது.

1961 ஆகஸ்டு 13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது, எல்லையில் முள்வேலி நின்றது. ரயில் பாதை பல இடங்களில் துண்டிக்கப்பட்டது. ஆயினும் மேற்குப் பகுதியில் எஞ்சிய பாதைகளைக் கிழக்கின் ரைஹ்ஸ்பானே தொடர்ந்து ஓட்டியது. மேற்கில் வீதிதோறும் சினம் பொங்கிற்று. மேயர் வில்லி பிராண்டின் ஆட்சியும் தொழிற்சங்கங்களும் அந்த ரயிலைப் பகிஷ்கரிக்க மக்களை அழைத்தன. அதில் ஏறுவோர் கொடுக்கும் காசு முள்கம்பி வாங்கப் பயன்படுகிறது என்ற வாசகத்தைத் தாங்கி நிலைய வாயில்களில் நின்றார்கள். நாளொன்றுக்கு ஐந்து லட்சம் பேர் அளவில் பயணம் செய்த ரயிலில் கூட்டம் ஒரு லட்சத்துக்குக் குறைந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நகராட்சி பஸ்களை விட்டது.

அந்தச் சினம் நியாயமானதே. ஆயினும் அதன் பயன் யாருக்கு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கிழக்கு அரசுக்கு நஷ்டம் பெருகியது மெய். ஆனால் பஸ் செலவை ஏற்றவர்கள் மேற்கின் வரி செலுத்துவோரே. பாழடைந்த நிலையங்களும் அவர்கள் வாழும் வீதிகளிலேயே நின்றன. மேடைகளில் புல் முளைத்தது. ஓடிய வண்டிகளோ யுத்தத்துக்கு முந்தியவை. ரயில் விரும்பத்தகாததாயினும், அதைக் கையில் எடுத்துக்கொள்ள மேற்கு நகராட்சி நெடுங்காலம் முன்வரவில்லை. பேரம் பேசுவதே எதிரியின் அரசை ஒப்புக்கொள்வதாகும் என்று அஞ்சிற்று.

இதனிடையே ஃபிரீட்ரிஹ் தெரு நிலையத்தின் கதை தனியே சொல்லத் தக்கது. அது கிழக்கு மண்டலத்தில் நின்றது. மேற்கின் வண்டிகளும் அங்கு வந்து நின்றன. கூரையின் கீழ் எழுப்பிய எஃகுத் தடுப்பு, அடுத்தடுத்த நடைமேடைகளை இரண்டு உலகங்களாக்கிற்று. மேற்கிலிருந்து வருபவர் சோதனைக்கு உட்படாமலே ஒரு பாதையினின்று மற்றொன்றுக்கு மாறிச் செல்லலாம். நடைமேடைக் கடையில் வரியில்லாச் சாராயமும் சிகரெட்டும் வாங்கலாம். கிழக்கின் குடிமகன் அத்தடுப்புக்கு அப்பால் ஓசையை மட்டும் கேட்டான். நிலையத்தின் அருகே 1962-இல் கட்டிய புறப்பாட்டு மண்டபத்தில் விருந்தினரை வழியனுப்பினார்கள். மக்கள் அதற்குக் கண்ணீர் மாளிகை என்று பெயர் வைத்தார்கள். கீழே சுரங்கத்தில் செல்லும் மேற்கின் வண்டிகள், கிழக்கின் அடியிலுள்ள மற்ற நிலையங்களில் நில்லாமல் மெதுவாகக் கடந்தன. மங்கிய விளக்கொளியில் காவலர் நின்ற அந்நிலையங்களை ஆவி நிலையங்கள் என்றார்கள்.

1980 செப்டம்பரில் மேற்கு பெர்லினில் வாழ்ந்த ரைஹ்ஸ்பான் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இவர்களின் நிலை விந்தையானது. வீடு மேற்கில், முதலாளி கிழக்கில்; சம்பளம் மேற்கு நாணயம், வேலைச் சட்டம் கிழக்கினுடையது. கூலி உயர்வு கேட்டார்கள். தங்களை மேற்கு நகராட்சி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் பலர் கோரினார்கள். தொழிலாளர் அரசு தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முறியடித்தது. ஏறக்குறைய 200 பேர் வேலை இழந்தனர். மேற்கின் பாதையில் சுமார் பாதி மூடப்பட்டது. வளையப் பாதையின் மேற்குப் பகுதியும் அதில் அடக்கம். மேற்கு நகராட்சி தலையிடவில்லை. அன்று அந்த ஊழியரின் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பின்னர் மனம் மாறியது. பாழ்பட்ட ரயிலைக் காக்கக் குடிமக்கள் குழுக்கள் குரல் கொடுத்தன. ரிச்சர்ட் ஃபான் வைட்ஸெக்கர் மேயராக இருந்த காலத்தில், 1983 டிசம்பர் 30-ஆம் தேதி இரு தரப்பும் உடன்படிக்கை செய்தன. 1984 ஜனவரி 9 முதல் மேற்கின் நகரப் போக்குவரத்துக் கழகம் ரயிலை ஏற்றது. தொடக்கத்தில் ஓட்டிய பாதை 21 கிலோமீட்டரே. பகிஷ்கரித்த ரயிலில் ஏறுங்கள் என்று இனி விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது.

1989 நவம்பர் 9-ஆம் தேதி சுவர் திறந்தது. 1990 ஜூலை 2-ஆம் தேதி ஃபிரீட்ரிஹ் தெரு வழியாக வண்டிகள் மீண்டும் தடையின்றிச் சென்றன. 1994 ஜனவரி முதல் நாள் கிழக்கின் ரைஹ்ஸ்பானும் மேற்கின் பூண்டஸ்பானும் இணைந்து, அரசுக்குச் சொந்தமான, ஆனால் கூட்டுப் பங்குக் கம்பெனியின் வடிவம் கொண்ட டாய்ச்சே பான் ஆயின. மேற்கு பெர்லின் நகர ரயிலும் அன்றே அதனுடன் சேர்ந்தது. அடுத்த ஆண்டில் நகர ரயிலுக்கென்று அக்கம்பெனியின் கீழ் தனி நிறுவனம் ஏற்பட்டது. வளையப் பாதை 2002 ஜூனில் மீண்டும் முழுவதும் இணைந்தது.

ஏழாண்டு கழித்து, 2009 மே மாதத்தில் ஒரு வண்டியின் சக்கரம் உடைந்தது. சோதனைகள் முறையாக நடைபெறவில்லை என்று தெரியவந்தபோது, மத்திய ரயில்வே அதிகார நிறுவனம் வண்டிகளை நிறுத்தியது. செப்டம்பரில் கால்பங்கு வண்டிகள்தாம் ஓட முடிந்தன. பங்குச் சந்தையில் கம்பெனியை விற்கும் நோக்கோடு பராமரிப்புச் செலவைக் குறைத்தார்கள் என்பது பலரின் குற்றச்சாட்டு. அந்த விற்பனைத் திட்டம் 2008-லேயே கைவிடப்பட்டிருந்தது. பெர்லின் மக்கள் நடைமேடையில் நின்று மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்கள்.