விண்மீன் பெயர்ப் பரிசு

ஒருவருடைய பெயரை விண்மீன் ஒன்றுக்குச் சூட்டியதாகச் சான்றிதழ் வாங்கி, பிறந்தநாள், திருமணம், நினைவுநாள் போன்ற வேளைகளில் பரிசளிக்கும் வழக்கம். 1979 முதல் இயங்கிவரும் ‘இன்டர்நேஷனல் ஸ்டார் ரெஜிஸ்ட்ரி’ என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் மூலம் இது பெருவணிகமாக வளர்ந்தது. இன்று இணையத்தில் இதே சேவையை விற்பவர்கள் பலர்.

பணம் கட்டியவர் வீட்டுக்குப் பெயரும் தேதியும் பொறித்த சான்றிதழும், ஒரு விண்மீன் குழுவின் வரைபடமும் வந்து சேரும். வரைபடத்தில் புள்ளிகளுக்கு நடுவே ஓரிடத்தில் சிறிய சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள். சான்றிதழில் வல ஏற்றம், நடுவரை விலக்கம் என்று இரண்டு அளவுகள் இருக்கும். பூமியில் ஓர் ஊரைத் தீர்க்கரேகை, அட்சரேகை கொண்டு குறிப்பதுபோல் வானில் விண்மீனின் இடத்தைக் குறிப்பவை இவை. அந்த இடத்தில் விண்மீன் இருப்பது உண்மை. ஆனால் சூட்டிய பெயர் அந்த நிறுவனத்தின் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது. அதே விண்மீனை இன்னொரு நிறுவனம் இன்னொருவர் பெயரில் விற்கத் தடையில்லை. பெயர்களை நூலாக அச்சிட்டு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வதாக விளம்பரம் செய்ததும் உண்டு. பதிப்புரிமை அந்தத் தொகுப்பு நூலுக்கு மட்டுமே உரியது. விண்மீனுக்கு அதனால் பெயர் அமையாது. 1998-இல் நியூயார்க் நகர நுகர்வோர் துறை, ஏமாற்று விளம்பரம் என்று கூறி மேற்சொன்ன நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது.

நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய விண்மீன்கள், முழு வானையும் சேர்த்து, ஏறக்குறைய 9,000. விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இவற்றைவிட மங்கலானவை, தொலைநோக்கி இல்லாமல் தெரியாதவை. இறந்துபோன பிள்ளையின் பெயரில் வாங்கிய சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த விண்மீனைக் காட்டுங்கள் என்று வானாய்வகங்களுக்கு வரும் பெற்றோர் உண்டு. அவர்களிடம் என்ன சொல்வது என்பது வானியலாளர்களை வருத்தும் கேள்வி. பொய் சொல்லவும் மனம் வராது, அந்தத் துயரத்தின்மேல் உண்மையைப் போட்டு உடைக்கவும் மனம் வராது. வாங்கும்போதே இது நினைவுப்பொருள் மட்டும்தான் என்று விற்பவர் தெளிவாகச் சொல்லியிருந்தால் இந்த இரண்டாவது இழப்பு நேராது. அப்படித் தெரிந்தே வாங்கி அன்போடு கொடுப்பதில் பிழை ஏதும் இல்லை.

வானியலில் பெரும்பாலான விண்மீன்களுக்கு எண்தான் பெயர். யோகான் பேயர் 1603-இல் வெளியிட்ட வான வரைபடத்தில் விண்மீன்களுக்குக் கிரேக்க எழுத்துகளை இட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஆனி ஜம்ப் கேனன் நிறமாலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்தியதில் உருவான ஹென்றி டிரேப்பர் அட்டவணையில் 2,25,300 விண்மீன்கள் உள்ளன. கையா விண்கலத்தின் அட்டவணையிலோ ஏறத்தாழ 180 கோடி. பெயர்களை முறைப்படுத்துவது 1919-இல் தொடங்கிய பன்னாட்டு வானியல் ஒன்றியம். 2016-இல் அது இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. அக்குழு ஏற்ற பெயர்கள் சில நூறுதான். பெரும்பாலும் பழம் மரபில் வழங்கியவை. நம் பஞ்சாங்கத்தில் உள்ள பரணியும் ரேவதியும் அவற்றில் உண்டு. பெயரை விற்பது ஒன்றியத்தின் வழக்கமில்லை.

எனினும், தனி மனிதர் பெயர் வானில் ஏறிய கதைகளும் உண்டு. பலெர்மோ வானாய்வகம் 1814-இல் வெளியிட்ட அட்டவணையில் டெல்ஃபினஸ் விண்மீன் குழுவின் இரு விண்மீன்களுக்குச் சுவலோசின், ரோட்டனெவ் என்று பெயர்கள் இருந்தன. எந்த மொழி என்று விளங்காத அச்சொற்களை லத்தீன் எழுத்தில் பின்னிருந்து முன்னாகப் படித்தபோது நிக்கோலவுஸ் வெனடோர் என்று வந்தது. வானாய்வகத்தின் உதவியாளர் நிக்கோலோ கச்சாத்தோரேயின் பெயருக்கு அது லத்தீன் வடிவம். இத்தாலியம், லத்தீன் இரண்டு மொழியிலும் குடும்பப்பெயருக்குப் பொருள் வேட்டைக்காரர். இரு பெயர்களையும் 2016-இல் ஒன்றியம் ஏற்றது. அப்பல்லோ-1 விண்வெளி வீரர் கஸ் கிரிசமும், விண்கலத்தின் திசையறிய உதவும் வழிகாட்டி விண்மீன்களில் மூன்றுக்குத் தன் பெயர் உட்படக் குழுவினர் மூவரின் பெயர்ப் பகுதிகளைத் திருப்பிப்போட்டு வைத்தார். 1967 ஜனவரி 27 அன்று மூவரும் தீ விபத்தில் இறந்தபின், சக வீரர்கள் அப்பெயர்களைப் பின்வந்த பயணங்களில் கைவிடாமல் வழங்கினர்.

பொதுமக்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. 2019-இல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதன் கோளையும் கொடுத்துப் பெயர் கேட்டது. ஹென்றி டிரேப்பர் அட்டவணையில் 86081 என்ற எண் கொண்ட விண்மீன் அப்படித்தான் பிபா ஆயிற்று. அண்டக்கதிர் ஆய்வில் ஈடுபட்ட வங்காள இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக இந்தியா வைத்த பெயர் அது. இலங்கை தனக்குக் கிடைத்த விண்மீனுக்கு, அமைதி என்ற பொருளில், சாமய என்று பெயரிட்டது.

சிறுகோள்களுக்கு வழி வேறு. கண்டறிந்தவரே பெயர் முன்மொழியலாம். அதிகபட்சம் 16 எழுத்துகள், கட்டணம் கிடையாது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ராஜமோகன் கண்டறிந்த 4130 எண் சிறுகோள், கணிதமேதை ராமானுஜனின் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றி வருகிறது.