கொள்ளிவாய்

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்தில் இருக்கும் பனித்திட்டு என்ற ஊர்ப்பெயரின் பின்பாதி நிலத்தைப் பார்த்து வைத்த பெயர். நீருக்கு நடுவே நீர் ஏறாமல் தலைதூக்கி நிற்கும் மேடுதான் திட்டு. புதுச்சேரித் துறைமுகத்தை ஒட்டிய தேங்காய்த்திட்டு, கொள்ளிடக் கரையின் முதலைமேடுதிட்டு, பிச்சாவரத்துத் திட்டுகள் எல்லாம் இதே குடும்பம். மேட்டுக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் அதைச் சுற்றியிருந்த பள்ளத்துக்குப் பல பெயர்கள் வைத்திருந்தார்கள்: கழி, சதுப்பு, உளை, அளறு. கடைசிச் சொல்லைத் திருக்குறள் நரகம் என்ற பொருளிலேயே ஆள்கிறது. காலை இழுத்துக்கொள்ளும் சேற்றுக்கும் பாவிகள் அழுந்தும் இடத்துக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் பேய் குடியிருக்காமல் வேறு யார் இருப்பார்கள்? அந்தப் பேய்க்குக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர்.

இருட்டில் ஏரிக்கரையிலோ கழி ஓரத்திலோ தரைக்குச் சற்று மேலே ஒரு வெளிச்சம் தோன்றும்; அணையும்; தள்ளி இன்னொரு இடத்தில் தோன்றும். அருகில் போனால் இருக்காது. கதையில் பேய் வாயைத் திறக்கும்போது தீ தெரிகிறது, மூடும்போது மறைகிறது. விட்டுவிட்டு எரிவதற்கு இதைவிடக் கச்சிதமான விளக்கத்தை ஒரு கிராமம் கண்டுபிடித்திருக்க முடியாது என்பேன்.

முதலில் கொள்ளி. இது கொள் என்ற வினையிலிருந்து பிறந்தது. தீயைக் கொண்ட கட்டை கொள்ளி. கொள்ளச் செய்வது கொளுத்துவது. அடுப்பில் பாதி எரிந்த விறகும் கொள்ளிதான், சுடுகாட்டில் மகன் வைக்கும் நெருப்பும் கொள்ளிதான். அடுப்படியில் சாதாரணமாகப் புழங்கும் சொல், வீட்டில் ஒரு சாவு விழுந்ததும் கனத்துவிடுகிறது. பிள்ளையில்லாதவர் “எனக்குக் கொள்ளி போட யார் இருக்கிறார்கள்” என்று கேட்கும்போது அங்கே விறகின் நினைவு யாருக்கும் வராது. கொள்ளிக்கண் என்றால் பட்டாலே பொசுக்கிவிடும் கண்ணேறு. ஆக, பேய்க்குப் பெயர் தேடியவர்கள் கைக்கெட்டிய தூரத்திலேயே சுடுகாட்டு வாசனை அடிக்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

வாய் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையான கேள்வி. கன்னடத்தில் இதே ஒளிக்குக் கொள்ளிதெவ்வ என்று பெயர். தெலுங்கில் கொரிவி தய்யம். கொரிவி என்றாலும் கொள்ளிக்கட்டைதான். இரண்டிலும் கொள்ளி இருக்கிறது, பேய் இருக்கிறது, வாய் இல்லை. வடமொழியில் உல்காமுகம் என்று ஒரு பிரேதம் உண்டு. உல்கா என்பது கொள்ளி, எரிநட்சத்திரம். முகம் என்பதற்கு வாய் என்றும் பொருள். மனுஸ்மிருதியின் 12ஆம் அத்தியாயம், தன் கடமையிலிருந்து வழுவிய பிராமணன் கக்கியதைத் தின்னும் உல்காமுகப் பிரேதமாவான் என்று மிரட்டுகிறது. அண்டை மொழிகளோடு பகிர்ந்துகொண்ட கொள்ளிப்பேயின்மேல் இந்த வடமொழி வாய் தமிழில் வந்து ஒட்டிக்கொண்டது என்பதே என் முடிவு. கூடவே பிசாசு என்ற வடசொல்லும் வந்து பேயின் இடத்தைப் பிடித்திருப்பது அதற்குத் துணை நிற்கிறது.

வாய் ஒட்டியதும் பேயின் குணமும் மாறிவிட்டது. இங்கிலாந்தின் கிழக்கே ஃபென் என்னும் சதுப்புநிலப் பகுதியிலும் நார்ஃபோக்கிலும் இதே வெளிச்சத்தைக் கண்டவர்கள் அதை ஒருவன் கையில் கொடுத்தார்கள். வில் என்பவன் வைக்கோல் பிரியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு அலைகிறான். அல்லது லாந்தர்க்காரன் ஒருவன் விளக்கோடு வருகிறான். சீழ்க்கை அடித்தால் அவன் தேடி வந்துவிடுவான். வந்தால் குப்புறப் படுத்து மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அவன் வேலை வழிதவற வைப்பது. நம்முடையது வழிகாட்டி வேடம் போடவில்லை. அது பசித்த வாய். வங்காளத்தில் ஆலேயா எனப்படும் இதே வெளிச்சமோ மீனவரைத் திசை தவற வைத்து இங்கிலாந்தோடு சேர்ந்துகொள்கிறது.

இங்கிலாந்துச் சதுப்புக் கதைகளில் எனக்குப் பிடித்தது லிங்கன்ஷயரின் டிடி மன். வெள்ளம் வாசலுக்கு வரும்போது கூப்பிட்டால் நீரை இறக்கிவிடும் குட்டைக் கிழவன் அவன். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து சதுப்பை வடிக்கத் தொடங்கியதும் கோபித்துக்கொண்டான். மாடுகளும் குழந்தைகளும் நோயில் விழ, சனங்கள் அமாவாசைக்குப் பிந்தைய பிறைநாளில் கால்வாயில் தண்ணீர் ஊற்றி அவனிடம் மன்னிப்புக் கேட்டார்கள். மேரி பால்ஃபர் என்ற பெண்மணி 1891இல் இதை எழுதி வெளியிட்டார். பாகூர்ப் பக்கத்துக் கதையோ நேர் எதிர். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை, பங்காரு, சிங்காரி என்ற இரண்டு தாசிப் பெண்கள் தங்கள் சொத்தைப் போட்டு வெட்டினார்கள் என்பார்கள். அங்கே நீரை வடித்ததால் சாபம், இங்கே நீரைக் கொண்டுவந்ததால் புகழ்.

பேயின் உடம்பைக் கண்டுபிடித்தவர் இத்தாலியின் வோல்ட்டா. 1776இல் மஜோரே ஏரிச் சேற்றைக் குச்சியால் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்து எரித்துக் காட்டினார். அதுதான் மீத்தேன், காற்றுப் புகாத சேற்றில் தழை அழுகும்போது உண்டாவது. ஆனால் மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. பாஸ்பீன் வாயு பற்றவைக்கிறது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2025இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸேர் குழு, நீரில் எழும் நுண்குமிழிகளுக்கிடையே தெறிக்கும் மிகச்சிறு மின்பொறியே காரணமாகலாம் என்று சோதனையில் காட்டியது. கொள்ளி வைப்பது யார் என்ற வழக்கு இன்னும் முழுதாக முடியவில்லை.

பள்ளிக்கூடப் பாடத்தில் சதுப்புநில வாயுவான மீத்தேன், காவிரிப் படுகையில் போராட்டச் சொல்லானது. அங்கே அதை எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 2013 டிசம்பரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் காலமானார். 2019 ஜூன் 23 அன்று ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மரக்காணம் முதல் ராமேசுவரம் வரை மனிதச் சங்கிலி நின்றது. புதுச்சேரிக் கரையும் அதன் வழியில்தான் இருந்தது. பாட்டிமார் பயமுறுத்தப் பயன்படுத்திய அதே வாயு, பேரப்பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திவிட்டது.

இன்று கொள்ளிவாய் என்றால் ஓயாமல் பீடி குடிப்பவர், அல்லது வாயைத் திறந்தாலே வீட்டைப் பற்றவைக்கும் உறவுக்காரர். சொல்லுக்கு ஆயுசு கெட்டி. வெளிச்சத்துக்குத்தான் இல்லை: அது தெரிய இருட்டு வேண்டும், ஆழச் சேறும் வேண்டும், ராத்திரியில் வரப்பில் நடக்கும் ஆளும் வேண்டும். பாகூர் ஏரிக்கரையிலோ பனித்திட்டுப் பக்கமோ அதைக் கண்ணால் பார்த்த பெரியவர் வீட்டில் இருந்தால், எந்த இடத்தில், எந்த மாதத்தில், என்ன நிறத்தில் என்று கேட்டு, அவர் சொன்ன பெயரை அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். அகராதிக்குத் தகுந்தபடி திருத்திவிடாதீர்கள்.