மழையைத் தேடி மலையேறிய தொலைநோக்கி

கோடைக்கானலுக்குப் போன நம் குடியிருப்பினர் பலரும் ஏரியையும் குறிஞ்சியாண்டவர் கோயிலையும் பார்த்திருப்பீர்கள். அதே மலையில் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிய ஆய்வகத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? அது பிறந்த கதை, நம்மைப் போல மழைக்கு ஏங்கும் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

1876-ல் தொடங்கியது தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி எழுந்தது. சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். மழையும் அந்தக் கணக்கில்தான் வருகிறதோ என்று அக்கால அறிஞர்கள் சிலர் எண்ணினார்கள். அதை அறியச் சூரியனைத் தினமும் கவனிக்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் கும்பினியார் 1792-ல் கட்டிய வானாய்வகம் ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் தூசியில்லாத உயரமான இடம் என்று கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்து, 1899-ல் மிச்சி ஸ்மித் தலைமையில் பணியை அங்கே மாற்றினார்கள்.

பட்டாசு ஊர்க்காரர்களான நமக்கு அங்கு நடக்கும் வேலை எளிதில் புரியும். மத்தாப்பில் பச்சை தெரிந்தால் பேரியம், சிவப்பு தெரிந்தால் ஸ்ட்ரான்சியம் என்போம். அதேபோல் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், அங்கே என்ன பொருள் இருக்கிறது, எப்படி நகர்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த வழியில்தான், கரும்புள்ளியில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கோடைக்கானலில் கண்டுபிடித்தார்.

இந்த ஆய்வகமே 1971-ல் இந்திய வானியற்பியல் நிறுவனமாக வளர்ந்தது. அதன் முதல் இயக்குநர் வைணு பாப்பு. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கியவரும் அவரே. 2023-ல் விண்ணுக்குப் போன ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முக்கியக் கருவியைச் செய்ததும் இந்த நிறுவனம்தான்.

கரும்புள்ளியைப் பார்த்து மழையைக் கணிக்கும் வழி மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அதற்காக நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள், இன்று உலக விஞ்ஞானிகள் தேடிவரும் கருவூலம். நம் குடியிருப்பிலும் மழையளவையும் ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டத்தையும் ஒரு நோட்டில் எழுதி வரலாமே. பத்து வருஷம் கழித்து, தண்ணீர் லாரியை எப்போது கூப்பிடுவது என்று பேசும்போது அந்த நோட்டு கைகொடுக்கும்.