மாத்தளைக் காட்டுவழியில் இராத்தங்கல்

மாத்தளை நகரிலிருந்து கிழக்கு நோக்கி ரத்தோட்டை வழியாக ஏறிச் செல்லும் பாதை, றிவர்ஸ்டன் உச்சியைக் கடந்து இலுக்கும்புறவுக்கு இறங்குகின்றது. சிங்களத்தில் தும்பறை மலைத்தொடர் என்றும், கைவிரல் மொளிகளை ஒத்த தோற்றத்தால் ஆங்கிலேயர் வாயில் நக்கிள்ஸ் என்றும் வழங்கும் மலைத்தொடர் இதுவே. வார இறுதியில் இளைஞர் பலர், வனப் பரிபாலனத் திணைக்களத்தாரிடம் அனுமதி பெற்று, இங்கே கூடாரம் அடித்து இரவைக் கழிக்கின்றனர். ஓடைநீரைக் காய்ச்சிக் குடித்து, அட்டைக்கடிக்கு உப்புத் தேய்த்து, மூடுபனியில் நடுங்கிக்கொண்டு உறங்கி எழும் அவர்களுக்கு, வீட்டின் வசதிகளை ஓரிரவு துறந்திருத்தலே ஓர் இன்பமாகின்றது. மறுநாள் மாலை வீடு திரும்பலாம் என்னும் உறுதி அந்த இன்பத்துக்கு அடிப்படையாயிருக்கின்றது.

இதே மாவட்டத்தின் காடுகளில், ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர், அவ்வுறுதி சிறிதும் இல்லாத மக்கள் ஆயிரமாயிரமாக இராத்தங்கினர். அவர்களே இன்றைய மலையகத் தமிழரின் முன்னோர். அவர்கள் நடந்த வழியையும், அவ்வழியில் இரவு தங்குவதற்கு இடமின்றிப் பட்ட பாட்டையும் பற்றிச் சில செய்திகளை நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

வழிச்செல்வோர்க்குத் தங்குமிடம் அமைத்தல் நம் நாட்டாரும் அயல்நாட்டாரும் தொன்றுதொட்டுப் போற்றிவந்த அறமாகும். தமிழகத்தில் இராமேசுவரத்துக்கு யாத்திரை செல்வோர்க்கென்று சேதுவழியெங்கும் சத்திரங்கள் இருந்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. கண்டிநாட்டிலோ ஊர்தோறும் அம்பலங்கள் இருந்தன. நான்கு தூண்களும் ஓலைக்கூரையும் திண்ணையும் உடைய சிறு மண்டபங்கள் அவை. கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றி மலைநாட்டுக்குக் கொணர்ந்து, பாக்கை மாற்றாகக் கொண்டுசென்ற வணிகர் கூட்டத்தைச் சிங்களத்தில் ‘தவலம’ என்பர். தமிழில் தங்குமிடத்தைக் குறிக்கும் ‘தாவளம்’ என்னும் சொல்லோடு அது உறவுடையது. பயணமும் தங்கலும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தல் கருதத்தக்கது. அக்காலத்தில் மாடு இளைப்பாறுவதற்கும் இடம் பார்த்தே வழி வகுத்தனர்.

1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1830களின் பிற்பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டில் விரைந்து பரவியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்டவியலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்வதற்கு வழி செய்தது. அந்நிலங்கள் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. காட்டை வெட்டவும் கோப்பிப்பழம் கொய்யவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். சிங்களக் குடியானவர் தம் வயலை விட்டு வர விரும்பவில்லை. எனவே இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து, பஞ்சத்தாலும் கடனாலும் நிலமின்மையாலும் நலிந்த மக்கள் கங்காணிமாரின் பின்னே புறப்பட்டனர்.

தொண்டியிலிருந்தும் பாம்பனை அடுத்த துறைகளிலிருந்தும் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ நூற்றைம்பது மைல் நடைப்பயணம். ‘வடபாதை’ என்று ஏடுகளிற் பெயர்பெற்ற வழி இதுவே. கூட்டத்துக்கு இருபத்தைந்து பேர் முதல் நூறு பேர் வரை இருப்பர். அரிசி மூட்டையும் சமையற் பானையும் கம்பளித் துண்டும் அவர்களுடைய உடைமைகள். யானைக்கும் சிறுத்தைக்கும் அஞ்சி, இரவில் தீ மூட்டி அதனைச் சுற்றிப் படுத்தனர்.

கோப்பி அறுவடைக்கு உரிய காலத்தில் தோட்டம் சேர வேண்டுமாயின், ஆடி ஆவணியில் வழிநடக்க வேண்டும். வன்னியின் குளங்கள் வற்றிச் சேறாகக் கிடக்கும் காலமும் அதுவே. எஞ்சிய நீரில் முன்சென்ற கூட்டத்தார் குளித்திருப்பர், மாடு இறங்கியிருக்கும். அதனையே பின்வந்தவரும் மொண்டு குடித்தனர். வாந்திபேதி நீர்வழியே பரவும் நோய் என்பது அக்காலத்தில் நிலைநாட்டப்பெறவில்லை. இலண்டனில் மருத்துவர் ஜோன் ஸ்நோ அதனை எடுத்துக்காட்டியது 1854ஆம் ஆண்டிலேயாம். ஆகவே, ஒரு தங்குமிடத்தில் ஒருவருக்கு நோய் கண்டால், அந்நீர்நிலையை நாடிவந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் அது பரவியது. கொசுவால் வரும் குளிர்காய்ச்சலும் உடன் வருத்தியது. வறண்ட காட்டைக் கடந்து நாலந்தாவுக்கு அப்பால் மலையேறுகையில், பசியால் மெலிந்த உடம்பை மழையும் குளிரும் தாக்கின. நடக்கமாட்டாதவரை வழியிலேயே விட்டுச்செல்லுதல் வழக்கமாயிற்று. கூட்டம் ஒருவருக்காக நின்றால் அனைவருக்கும் அரிசி தீர்ந்துவிடும் என்பது கங்காணியின் கணக்கு.

இறந்தவர் எத்தனை பேர்? 1840களில் மட்டும் எழுபதினாயிரம் பேர் மாண்டனர் என்று அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. அத்தொகை மிகையெனக் கூறும் வரலாற்றாசிரியரும் உளர். வந்தவர் தொகையைத் துறையில் எண்ணினர். வழியில் இறந்தவரை எண்ணுவதற்கு ஏடு எதுவும் வைக்கப்படவில்லை. தொகையைப் பற்றிய இவ்வழக்கு இன்றும் தீராதிருப்பதற்கு அதுவே காரணம்.

இத்துணைத் துயரமும் அரசின் கண்முன்னே நிகழ்ந்தும் நெடுங்காலம் ஏன் தடுக்கப்படவில்லை என்னும் வினா எழுகின்றது. மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்ற இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தம் எழுதிக் கப்பலேறினர். அம்முறையின் கொடுமைகள் பல; எனினும் கப்பலில் இத்தனை பேருக்கு இவ்வளவு நீர், இவ்வளவு இடம் என்று விதி இருந்தது. இலங்கையோ தென்னிந்தியாவுக்கு அண்மையிலுள்ள கரை. இங்கு வருவோர் தம் விருப்பப்படி வந்து போகும் உரிமையாளர் என்று கருதப்பட்டனர். 1847ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமொன்று இலங்கைக்குச் செல்வதற்கு இருந்த தடையை நீக்கியதேயன்றி, வழியிற் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யவில்லை. தோட்டத்துரையின் பொறுப்பு தோட்ட வாயிலில் தொடங்கியது. கங்காணி முன்பணம் கொடுத்தவன். அப்பணத்தைக் கூலியிற் பிடித்துக்கொள்வதே அவன் நோக்கம். தேசாதிபதியின் அரசாங்கமோ, தொழிலாளர் வருகை தோட்டக்காரரின் தனிவிடயம் என்றது. இவ்வாறு மூவர் பொறுப்புக்கும் அப்பாற்பட்டுக் கிடந்தது அந்த நூற்றைம்பது மைல். ‘சுயேச்சையாக வருபவர்’ என்னும் மதிப்பான பெயரே அவர்களைக் காப்பாரற்றவராக்கியது.

1858ஆம் ஆண்டில், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், தொழிலாளர் வருகையை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பெற்று ஆணைக்குழுவொன்றும் அமைந்தது. வடபாதையில் தங்குகொட்டகைகளும் கிணறுகளும் படிப்படியாகத் தோன்றின. பின்னர் மருத்துவ வசதிகளும் சேர்ந்தன. தோட்டக்காரருக்கு இதிற் பொருளாதார நோக்கமும் இருந்தது. இறந்தவன் கோப்பி பறிக்கமாட்டான் அன்றோ! ஆயினும் ஒரு கூரையும் ஒரு கிணறும் எத்தனை உயிரைக் காக்கவல்லன என்பது அப்போதுதான் விளங்கியது. செய்யக்கூடியதாயிருந்த சிறு காரியம், செய்யப்படாமற் கிடந்த காலம் ஏறத்தாழ இருபது ஆண்டு.

காட்டுவழி முடிந்து மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளையை அடைந்தவர், அங்கே இளைப்பாறி, கூட்டம் கூட்டமாகப் பல தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். உயிரோடு வந்துசேர்ந்தமைக்கு நன்றி செலுத்த அவர்களுக்குக் கிடைத்த இடம் ஒரு மரத்தடி. அங்கு வைத்து வழிபட்ட சிறு உருவமே மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்துக்கு வித்தாயிற்று என்பர். 1852ஆம் ஆண்டில் வயல்நிலம் ஒன்று கோயிலுக்கு வழங்கப்பட்டது. 1874ஆம் ஆண்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியால் ஆலயம் எழுந்தது. அம்மையையும் வாந்திபேதியையும் தணிப்பவளென்று தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் போற்றும் மாரியம்மை, அந்நோய்கள் மலிந்த வழியின் முடிவிற் கோயில்கொண்டது இயல்பேயாம். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தில் ஆலயத்தின் தேர்கள் எரியுண்டன. பின்னர் புதுத்தேர்கள் செய்யப்பெற்று, மாசிமகத்தில் ஐந்து தேர்கள் பவனி வருகின்றன.

1880ஆம் ஆண்டில் புகைவண்டிப் பாதை கண்டியிலிருந்து மாத்தளைக்கு வந்தது. அதற்குள், 1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைநோயாற் கோப்பி அழியத் தொடங்கியிருந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பருவத்துக்கு வந்து போவோரைக் கோப்பி வேண்டிற்று. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் குடும்பங்களைத் தேயிலை வேண்டிற்று. ஆகவே வந்தவர் லயங்களிலேயே தங்கினர். நூற்றாண்டின் முடிவில் பிளேக்கு நோயின் அச்சத்தால் தொழிலாளர் வருகை தூத்துக்குடி, கொழும்பு வழிக்குத் திருப்பப்பட்டது. 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்குப் புகைவண்டி ஓடியபின், வடபாதை நடைவழி பழங்கதையாயிற்று. கொட்டகைகளைக் காடு மூடிற்று.

நடந்த கால்கள் ஓய்ந்தன. ஆயினும் ‘வந்து தங்கியவர்’ என்னும் பெயர் அவர்களை விட்டு நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவராயினும், தந்தையும் இங்கே பிறந்தவர், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர் என்று காட்டவேண்டுமென்றது. காட்டுவழியிலும் லயத்திலும் பிறந்தவருக்குப் பத்திரம் ஏது? இறந்தவரையே எண்ணாத அரசு, அவர்தம் பேரப்பிள்ளைகளிடம் பிறப்புக்குச் சான்று கேட்டது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஓரிரவுத் தங்கல் போலக் கருதப்பட்ட வாழ்வு, சட்டத்தின் கண்ணில் குடியிருப்பாவதற்கு 55 ஆண்டுகள் சென்றன.

காட்டுக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு. கோப்பிக்காக மலைச்சரிவுகள் மொட்டையாக்கப்பட்டதைக் கண்டு, தாவரவியல் அறிஞர் சேர் ஜோசப் ஹூக்கர் எடுத்துரைத்த அறிவுரையின்மேல், 1873ஆம் ஆண்டில் 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. தும்பறையின் முகடுகளில் இன்று காணும் சோலை அதனால் எஞ்சியதே. 2000ஆம் ஆண்டில் அது பேணற்காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டில் ‘இலங்கையின் மத்திய மலைநாடு’ என்னும் பெயரால் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மரத்துக்கும் ஓடைக்கும் காவலும் எல்லையும் உண்டு. கூடாரம் அடிக்க வருபவருக்கு விதியும் அனுமதிச்சீட்டும் உண்டு. இவை வேண்டியனவே.

வடபாதையில் வீழ்ந்தவருக்கும் நினைவு வேண்டுமென்று எண்ணியோர், மலையக மக்கள் இங்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவெய்தியதை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டு யூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, ஆகத்து 12ஆம் நாள் மாத்தளையை நடந்தடைந்தனர். காணியும் வீடும் சமவுரிமையும் அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள். பதினாறு நாட்கள் நடந்த அவர்களுக்கு ஒவ்வோர் இரவும் தங்குமிடம் இருந்தது. குடிக்க நன்னீர் இருந்தது. வழியூர்களில் வரவேற்றோரும் இருந்தனர். முன்னோருக்குக் கிடையாதிருந்தவை அவ்வளவே.

தோட்டங்களில் வாழ்வோருட் பலர் இன்னும் தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி பெறவில்லை. தம்முடையதன்றென எந்நேரமும் சொல்லப்படக்கூடிய கூரையின்கீழ் அவர்கள் உறங்குகின்றனர். மாத்தளையின் மலைகளில் விரும்பிச் சென்று ஓரிரவு தங்குவோர் இவ்வரலாற்றையும் அறிந்துகொள்வாராயின், அவ்வுறுதி காலந்தாழாது வழங்கப்படவேண்டும் என்பதற்கு வேறு நியாயம் தேடவேண்டியிராது.